எல்லாருக்கும் ஒரு வேஷம்
(மாணவர் நாடகப் பயிற்சி முகாமில் பேசியதன் எழுத்து வடிவம்)



மாணவர் நாடகத்துக்காகவே வாழ்ந்த ஒரு ஜெர்மன் வாத்தியாரைப் பற்றிப் பேசலாம்னு வந்திருக்கேன். பெயர் கிறிஸ்டியான் வைசே. 1642இல் சிட்டாவ் நகரில் பிறந்தவர். 1678இல் அதே ஊர்ப் பள்ளிக்குத் தலைமையாசிரியராக வந்தார். 1708இல் இறந்தார். இடைப்பட்ட காலத்தில் தன் மாணவர்கள் நடிப்பதற்கென்றே ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடகங்கள் எழுதினார்.

வருஷா வருஷம் மூணு நாள் நாடகம். முதல் நாள் விவிலியக் கதை, ரெண்டாம் நாள் சரித்திரம், மூணாம் நாள் சிரிப்பு நாடகம். எந்தப் பையனுக்கு எது வரும்னு பார்த்து அதற்கேற்ப வேஷத்தை எழுதுவார். முடிந்தவரை யாரையும் வெறுமனே உட்கார வைக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. அதனால் ஒரே நாடகத்தில் எண்பது பாத்திரங்களுக்கு மேல் வரும்! அந்தக் காலத்துச் சோக நாடகம் செய்யுளில்தான் இருக்கும். இவரோ உரைநடையில், மனுஷன் பேசுற மாதிரி எழுதினார். நாலு பேர் முன்னால் கூச்சமில்லாமல் வாய் திறக்கப் பழக்குவதே கல்வி என்று நினைத்தார்.

இதில் முக்கியமான நாடகம் 'மசானியெல்லோ'. ஸ்பெயின் ஆட்சியின் கீழிருந்த நேப்பிள்ஸில் பழங்களுக்கு வரி போட்டார்கள். 1647 ஜூலையில் ஏழை ஜனங்கள் கொதித்தெழுந்தார்கள். முன்னே நின்றவன் மசானியெல்லோ. மீன் விற்றுப் பிழைத்தவன், வயது 27. பத்தே நாளில் கொன்றார்கள். அவன் செத்து முப்பத்தைந்து வருஷம்கூடத் தாண்டாத 1682இல் வைசே அவனை மேடையேற்றினார்.

அவர் புரட்சிக்காரர் அல்ல. நாடகத் தலைப்பிலேயே அவனைத் 'தலைமைக் கலகக்காரன்' என்றுதான் குறிக்கிறார். அவரிடம் படித்தவர்கள் நாளைக்கு அரசாங்க உத்தியோகத்துக்கும் சபைக்கும் போக வேண்டிய பையன்கள். கலகம் எப்படி வெடிக்கிறது என்று அவர்களுக்குக் காட்டுவதே நோக்கம். ஆனாலும் பிரபுக்களின் திமிரையும் வரிக் கொடுமையையும் மறைக்காமல் எழுதினார். 1773இல் லெஸ்ஸிங் தன் தம்பிக்கு எழுதிய கடிதத்தில், இந்த நாடகத்தில் ஷேக்ஸ்பியரின் மேதைமை ஆங்காங்கே மின்னுவதாகப் பாராட்டினார்.

இங்கேதான் நமக்குக் கேள்வி வருகிறது. மீன்காரனின் கோபத்தை நடித்தவன் யார்? லத்தீன் படிக்க வசதியிருந்த வீட்டுப் பையன். பெண் வேஷமும் பையன்களுக்குத்தான். மேடையில் ஏழைக்கு இடமிருந்தது, பள்ளி வாசலில் இருந்ததா? எல்லாருக்கும் வேஷம் கொடுத்த வாத்தியாரின் 'எல்லாரும்' அந்த வாசலோடு முடிந்துபோனது.

அதற்காக அவரைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. கடைசி பெஞ்சுப் பையனுக்கும் ஒரு வசனம் எழுதிய அந்த உழைப்பை எடுத்துக்கொள்வோம். கூடவே அவர் கேட்காத கேள்வியையும் கேட்போம். நாடகம் போட உட்காரும்போது, யாருக்கு எந்த வேஷம்னு பிரிப்பதற்கு முன்னால், இந்த இடத்துக்கே வர முடியாமல் போனவர் யார்னு பாருங்கள். ஒத்திகை அங்கிருந்து தொடங்கட்டும்.