வலைக்கு ஒரு பங்கு, இழுத்த கைக்கு ஒரு பங்கு



உடப்புக் கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்குப் பங்கு பிரிக்கும் முறை தெரிந்திருக்கும். மீன் விற்ற காசில் முதலில் அன்றைய செலவு கழியும். மிஞ்சியதில் வலைக்கும் வள்ளத்துக்கும் ஒரு பங்கு, இழுத்தவர்களுக்கு ஒரு பங்கு. வீதம் வாடிக்கு வாடி மாறும். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியும் இறங்கிக் கயிற்றைப் பிடித்தால், இழுத்த கைக்கு உரியது தனி, வலைக்கு உரியது தனி. இரண்டும் ஒரே மடியில் விழுந்தாலும் கணக்கில் அவை இரண்டுதான்.

இறால் பண்ணைகளுக்கு பெக்கோ விட்டுக் குளம் வெட்டுகிறவர், நுரைச்சோலை அனல் மின் நிலைய வேலைக்கு ஆள் அனுப்புகிறவர், பாலாவியிலும் மதுரங்குளியிலும் கட்டட வேலை எடுக்கிறவர் என்று நம் மாவட்டக் கொந்தராத்துக்காரர்களுக்கும் இந்தப் பாகுபாடு வேண்டும். அவர்களில் கம்பனி பதிந்தவர்களுக்காகவே இன்று பேசுகிறேன். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் ஒரே பங்குதாரரோடு கம்பனி தொடங்க இடம் தருகிறது. பதிந்த நாளிலிருந்து கம்பனி வேறு ஆள், நீங்கள் வேறு ஆள். ஆனால் நடப்பது என்ன? பில் காசு வங்கிக்கு வந்ததும் அதிலிருந்து மகளின் கல்யாணச் செலவு, வீட்டுக்கு ஓடு, பிள்ளையின் ரியூஷன் காசு எல்லாம் போகும். வருஷக் கடைசியில் கணக்காளர் அதையெல்லாம் ஒன்றாகத் திரட்டி, பணிப்பாளர் கம்பனிக்குத் தர வேண்டிய கடன் என்று எழுதிவைப்பார். பணிப்பாளருக்குக் கடன் கொடுப்பதைக் கம்பனிச் சட்டம் கட்டுப்படுத்துகிறது என்பது பலருக்கு அப்போதுதான் தெரியவரும்.

முறையாகக் காசு எடுக்கப் பிரதானமாக இரண்டு வழிகள். ஒன்று சம்பளம், உழைத்த கைக்கு. மற்றது பங்குலாபம், முதலுக்கு. எதில் எவ்வளவு எடுப்பது என்பதுதான் கேள்வி.

லண்டனில் இருக்கும் மைத்துனரிடம் கேட்டால், சம்பளத்தைக் குறை, மிச்சத்தைப் பங்குலாபமாக எடு என்பார். அவர் இருக்கும் நாட்டுக்கு அது சரியான யோசனைதான். அங்கே சம்பளத்தின்மேல் தேசியக் காப்புறுதிக் கட்டணம் விழும், பங்குலாபத்தின்மேல் விழாது. இலங்கையில் கணக்கு தலைகீழ். ஒரு பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள், மெதுவாகவே சொல்கிறேன்.

2025 ஏப்ரல் 1 முதல் தனியாள் ஒருவருக்கு வருஷத்துக்கு 18 இலட்சம் ரூபா வரை வருமான வரி இல்லை. அதாவது மாதம் 1,50,000. அதற்கு மேல் முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம். பிறகு ஒவ்வொரு 5 இலட்சத்துக்கும் 18, 24, 30 என்று ஏறி, 36 வீதத்தில் நிற்கும். கம்பனியின் இலாபத்துக்குப் பொதுவான வரியோ முதல் ரூபாவிலிருந்தே 30 வீதம். வரி கட்டிய பிறகு மிஞ்சுவதைப் பங்குலாபமாகப் பிரித்தால் அதில் இன்னும் 15 வீதம். நூறு ரூபா இலாபத்தில் உங்கள் கைக்கு வருவது 59 ரூபா 50 சதம். சம்பள வரியின் உச்சப்படிகூட அவ்வளவு பிடிக்காது.

இப்போது மாதம் 1,50,000 சம்பளம் என்று வைப்போம். வருமான வரி இல்லை. ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 8 வீதம், 12,000. கையில் 1,38,000. கம்பனி தன் பங்காகச் சேமலாப நிதிக்கு 12 வீதம், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம் என 22,500 போடும். ஆக, கம்பனிக்கு மொத்தச் செலவு 1,72,500. இதே தொகையை இலாபமாக விட்டுப் பங்குலாபமாக எடுத்திருந்தால் கையில் 1,02,637 ரூபாதான். முப்பத்தையாயிரத்துக்கு மேல் குறைவு. நிதிகளில் உங்கள் பேரில் விழும் 34,500 ரூபாவை நான் இதில் சேர்க்கவே இல்லை.

சேமலாப நிதியை நம்மாட்கள் தண்டச் செலவாகவே பார்க்கிறார்கள். அந்தக் காசு எங்கே போகிறது? உங்கள் பேருக்குத்தான் போகிறது. ஆணுக்கு 55 வயதில், பெண்ணுக்கு 50 வயதில் திரும்பி வரும். அரசாங்க உத்தியோகத்தருக்கு ஓய்வூதியம் உண்டு. பெக்கோ வைத்திருப்பவருக்கு அறுபது வயதில் என்ன உண்டு? பழைய பெக்கோதான். அதனால் 1,50,000 வரை சம்பளமாகவே எடுங்கள் என்பேன். இரண்டரை இலட்சம் எடுத்தால்கூட வருமான வரி மாதத்துக்குச் சுமார் 8,000தான். ஒன்று கவனம்: அந்த 18 இலட்சச் சலுகை ஆளுக்கு ஒன்றுதான். வேறு வருமானம் இருந்தால் அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வேலை செய்யாத மனைவிக்கோ மகனுக்கோ சம்பளம் எழுதினால் இறைவரித் திணைக்களம் கேள்வி கேட்கும்.

சரி, மாதச் சம்பளம் என்றால் மாதா மாதம் காசு வேண்டுமே? சிக்கலே அங்கேதான். நீருயிரின வளர்ப்பு அதிகாரசபையான நெக்டாவின் பயிர் நாட்காட்டிப்படி ஒரு வலயத்துப் பண்ணைகள் ஒரே காலத்தில் குளம் ஆயத்தம் செய்யும். பெக்கோவுக்கு அப்போது மூச்சுவிட நேரம் இராது. பிறகு சும்மா நிற்கும். வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் பண்ணைக்காரர் கையை விரிப்பார். 1996இல் இந்தக் கரை அதை நன்றாகவே பார்த்தது. அரசாங்க வேலையென்றால் ரிட்டென்ஷன் என்று ஒரு பகுதியைத் தடுத்து வைப்பார்கள், மீதி பில்லும் நினைத்த மாதத்தில் வராது. ஆகையால் நல்ல மாதத்தைப் பார்த்துச் சம்பளத்தைத் தீர்மானிக்கக் கூடாது. போன வருஷம் உண்மையில் கைக்கு வந்த காசை மட்டும் கூட்டுங்கள், வர வேண்டியதைக் கூட்டாதீர்கள். ஆட்களின் கூலி, டீசல், லீசிங், வரி எல்லாவற்றையும் கழியுங்கள். மூன்று மாதச் செலவைத் தனிக் கணக்கில் ஒதுக்குங்கள். மிஞ்சுவதைப் பன்னிரண்டால் வகுத்து வருவதுதான் உங்கள் சம்பளம். அது 80,000 என்றால் 80,000தான். வீடு அதற்குள் ஓட வேண்டும். 80,000கூடத் தேறாது என்றால் கம்பனியே வேண்டுமா என்று யோசியுங்கள். செயலாளர், கணக்காய்வு, வருடாந்த அறிக்கை என்று கம்பனிக்கும் தீனி போட வேண்டும். தனியாள் வியாபாரமாக இருப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

அப்படியானால் பங்குலாபம் எதற்கு? கட்டாரில் இருக்கும் தம்பி முதல் போட்டிருக்கிறார், இங்கே வேலை செய்வதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குரியது பங்குலாபம். வேலை செய்கிற அண்ணன் முதலில் தன் சம்பளத்தை எடுத்துவிட வேண்டும், அதன் பிறகே பங்கு. இதை எழுதிவைக்காத குடும்பங்களில்தான் பெருநாளைக்கும் பேச்சுவார்த்தை இல்லாமல் போகிறது. நினைத்தபடி பங்குலாபம் பிரிக்கவும் முடியாது. பிரித்த பிறகும் கம்பனியால் தன் கடன்களைக் கொடுக்க முடியும் என்று பணிப்பாளர் சபை திருப்திப்பட வேண்டும், கணக்காய்வாளரின் சான்றிதழும் வேண்டும். புது டிப்பர் வாங்கும் எண்ணம் இருந்தால் இலாபத்தைக் கம்பனியிலேயே விடுங்கள். 30 வீதத்தோடு போகும், அந்த 15 விழாது.

ஸகாத் கணக்குப் பார்க்கும் நேயர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை. வீட்டுக் காசும் வியாபாரக் காசும் கலந்து கிடந்தால் நாற்பதில் ஒன்று என்பது எதில் நாற்பது?

வரி ஆண்டு மார்ச் 31இல் முடிகிறது. அதற்கு முன் கணக்காளரிடம் ஒருமுறை போய், அப்போதைய வீதங்களைக் கேட்டு, உங்கள் சம்பளத்தைப் பணிப்பாளர் சபைத் தீர்மானமாக எழுதிக் கையெழுத்திடுங்கள். சபையில் நீங்கள் ஒருவர்தான் என்றாலும் எழுதுங்கள். சம்பளத்தை ஒரே தேதியில், வங்கி வழியாகவே எடுங்கள். சேமலாப நிதிக் காசை அடுத்த மாதம் முடிவதற்குள் கட்டிவிடுங்கள். பிந்தினால் தாமதத்துக்கு ஏற்ப 5 முதல் 50 வீதம் வரை மேலதிகமாகக் கட்ட வேண்டி வரும்.