வண்டலூர்ல கூண்டு இல்லாத பக்கம்

பெருங்களத்தூர்க்காரங்களுக்கு வண்டலூர் அடுத்த ஸ்டேஷன்தான். போன ஞாயிறு குடும்பமா ஜூவுக்குப் போனோம் (செவ்வாய்க்கிழமை போயிடாதீங்க, லீவு). பசங்க சிங்கத்தைப் பார்க்க ஓடிட்டாங்க. அம்மாவுக்கு முட்டி வலி. அவங்களோட நான் ஜூவுக்குள்ளயே இருக்கிற ஓட்டேரி ஏரிக்கரையில உட்கார்ந்துட்டேன்.

1985-ல மூர் மார்க்கெட் பக்கத்துல இருந்து மிருகங்களை இங்க கொண்டுவந்தாங்க. ஏரிக்கு வர்ற பறவைகளை யாரும் கொண்டுவரல. தண்ணி இருந்தா தானா வரும்; வறண்டா வராது. என்னைக் கேட்டா, டிக்கெட் காசு இதுக்கே சரியாப் போச்சு.

2015 டிசம்பர்ல முடிச்சூர்ப் பக்கம் மூழ்கினப்போ எங்க வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி. அதுல இருந்து மழைன்னாலே அம்மாவுக்குப் பயம். நாரைகளையே பார்த்துட்டிருந்தவங்க திடீர்னு, "இந்த வருஷம் மழை எப்படிடா இருக்கும்?"னு கேட்டாங்க.

வேணும்னு கேட்டாங்களா, வேண்டாம்னு கேட்டாங்களான்னு எனக்குப் புரியல.