அபய தானமும் ஆற்றுப்படுத்தலும்



சமண அறம் இல்லறத்தார்க்கு வகுத்த தானங்கள் நான்கு. பசித்தார்க்கு உணவு, பிணியுற்றார்க்கு மருந்து, அறிவு வேண்டுவார்க்குச் சாத்திரம், அஞ்சி வந்தார்க்கு அடைக்கலம் என்பன அவை. முதல் மூன்றும் நம் இல்லங்களில் இன்றும் வழக்கொழியாமல் நடைபெறுகின்றன. விழா நாள்களில் அன்னம் படைக்கின்றோம். மருத்துவ முகாம் நடத்துகின்றோம். மாணவர்க்கு நூலும் கட்டணமும் வழங்குகின்றோம். நான்காவதாகிய அபய தானம் ஏட்டில் உள்ளது. அதனைப் பெறுதற்குரியார் எங்குள்ளார் என்று நாம் தேடியதுண்டா?

முன்னோர் அதனை ஏட்டளவில் விட்டாரல்லர். திருக்கோவலூரை அடுத்த ஜம்பை, பள்ளிச்சந்தல் பகுதியில் சமணப் பெரும்பள்ளியைச் சார்ந்த இடம் 'அஞ்சினான் புகலிடம்' எனக் கல்லில் பொறிக்கப்பட்டது. பகைக்கு அஞ்சி வந்தவரை அங்கே வைத்துக் காத்தனர். அறிஞர் மயிலை சீனி. வேங்கடசாமி 'சமணமும் தமிழும்' என்னும் நூலில் இச்செய்தியை எடுத்துரைத்து, அபய தானத்தின் சான்றாக அதனைக் காட்டினார். வந்தவன் யார், எக்குலத்தான், எச்சமயத்தான் என்று அப்பெயர் வினவவில்லை. அவன் அஞ்சினான் என்பதொன்றே அவனுக்குப் போதிய தகுதியாயிற்று.

நம் காலத்தில் அஞ்சி வந்தோர் தொலைவில் இல்லை. கும்மிடிப்பூண்டியிலும் புழலிலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் உள்ளன. கும்மிடிப்பூண்டி முகாம் தமிழகத்தின் பெரிய முகாம்களுள் ஒன்று. சிப்காட் தொழிற்பேட்டைக்கு நாள்தோறும் செல்லும் பேருந்துகளும் சரக்கு வண்டிகளும் அவ்வூர் வழியே ஓடுகின்றன. அவற்றில் செல்வோர் பலர்க்கு, அருகிலுள்ள சிறு வீடுகளுக்குள் ஒரு போரின் நினைவு இன்னும் உறங்காமல் இருப்பது தெரியாது.

1983 சூலையில் இலங்கையில் தமிழர்க்கு எதிராக நிகழ்ந்த வன்முறைக்குப் பின் படகுகள் இராமேசுவரக் கரையை நாடின. 1990இலும், 1995க்குப் பின்னும், 2006க்குப் பின்னும் போர் மூண்ட போதெல்லாம் மக்கள் அலையலையாக வந்தனர். வந்தோர் தொகை மூன்று இலட்சத்தைக் கடந்தது. மண்டபம் முகாமில் பதிவு பெற்று, பின்னர்ப் பல மாவட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். சிலர் தாயகம் திரும்பினர். சிலர் மேலைநாடுகளுக்குச் சென்றனர். 2021ஆம் ஆண்டு ஆகத்தில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டபடி, முகாம்களில் 58,822 பேரும், வெளியே 34,087 பேரும் வாழ்ந்தனர். போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. ஆயினும் அதனைக் கண்ணால் கண்டவர் உள்ளத்தில் அது முடிந்துவிட்டது எனக் கூறவியலாது.

உடற்புண் ஆறினால் தழும்பு வெளியே தெரியும். உள்ளப் புண்ணோ வேறு உருக்கொண்டு வெளிப்படும். இரவில் உறக்கம் வாராது. வந்தால் தீக்கனவு வரும். தீபாவளி வெடியோசை கேட்டால் உடல் நடுங்கும். வானில் உலங்கூர்தி பறந்தால் கால்கள் தாமே மறைவிடம் தேடும். சிலர் எதனையும் உணராதவர் போல் மரத்துப் போவர். சிலர் மதுவில் மறக்க முயல்வர். அதன் துன்பத்தை மனைவியும் மக்களும் சுமப்பர். பலர் 'மனம் வருந்துகின்றது' என்று சொல்வதில்லை. நெஞ்சு பாரம் என்றும், தலையிடி என்றும், கைகால் உளைவு என்றும் கூறி மருந்துக்கடைக்குச் செல்வர். போரினாலும் பேரிடராலும் விளையும் இந்நிலையினை 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தனி நோயாக ஏற்றுப் பெயரிட்டது. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போர் தனியொருவர் மனத்தை மட்டுமன்றிக் குடும்பத்தையும் ஊரையும் ஒருங்கே காயப்படுத்துகின்றது என்பதைப் பல்லாண்டுக் கள அனுபவத்தால் விளக்கியுள்ளார்.

இவற்றுள் கொடியது காணாமற்போனாரைக் காத்திருக்கும் துயரம். இறந்தார்க்கு ஈமக்கடன் உண்டு. அழுது தீர்க்க ஒரு நாள் உண்டு. கணவன் இருக்கின்றானா, இல்லையா என்று அறியாத பெண் திலகத்தை அழிப்பதா, காப்பதா? மகன் படத்துக்கு மாலை இடலாமா, கூடாதா? விடை கிடைக்காத வினாவோடு ஆண்டுகள் கழிகின்றன. அத்தகையோரிடம் 'மறந்துவிடுங்கள்' என்பது ஆறுதலாகாது. அன்பின்மையாகவே அவர்க்குத் தோன்றும்.

எனின், எவ்வாறு துணை நிற்பது? ஈழத்தமிழர் இத்துணைக்கு வழங்கும் சொல்லே வழி காட்டுகின்றது. அவர்கள் அதனை 'ஆற்றுப்படுத்தல்' என்பர். பழந்தமிழில் ஆற்றுப்படை என்பது, பரிசில் பெற்றான் ஒருவன் வறியவனுக்கு வழிகாட்டுதல். ஆறு என்பது வழி. ஆற்றுதல் என்பது தணித்தல். இரண்டும் இச்சொல்லில் ஒலிக்கின்றன. ஆற்றுப்படுத்துநர் துன்புற்றார்க்காகத் தாம் நடந்து காட்டுவதில்லை. அவரோடு உடன் நடக்கின்றார். அவ்வழியைத் தாமும் ஒருகால் நடந்தவராயின் அவர் சொல் இன்னும் ஆழப் பதியும். 1984இல் சா. செ. சந்திரகாசன் முதலியோர் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், அகதிகளையே பயிற்றுவித்து அகதிகளுக்குத் தொண்டாற்றச் செய்த நெறி இதனை ஒத்ததாகும்.

உலக நலவாழ்வு நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு மூன்று செயல்களைக் கூறுகின்றது: பார்த்தல், கேட்டல், இணைத்தல். இடருற்றவரின் பாதுகாப்பையும் உடனடித் தேவையையும் பார்க்க வேண்டும். அவர் சொல்வதை இடைமறியாது கேட்க வேண்டும். உறவினரோடும் மருத்துவரோடும் உதவித் திட்டங்களோடும் அவரை இணைக்க வேண்டும். நடந்ததைச் சொல்லுமாறு வற்புறுத்தலாகாது என்பதையும் அக்கையேடு அழுத்திக் கூறுகின்றது. 'குண்டு விழுந்ததைப் பார்த்தீர்களா?' என்று ஆவல் மேலிட்டுக் கேட்பது ஆறிய புண்ணைக் கீறுவதாகும். சொல்லாலும் ஊறு செய்யாமை கொல்லாமை நோன்பின் ஒரு கூறன்றோ?

துயர் நீண்டு வாழ்வை முடக்குமாயின் பயிற்சி பெற்றார் உதவி வேண்டும். மாவட்ட மனநலத் திட்டத்தின் வாயிலாக அரசு மருத்துவமனைகளில் அது கிடைக்கும். 14416 என்னும் தொலைபேசி எண்ணில் 'டெலி மானஸ்' சேவையைத் தமிழிலேயே அணுகலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

ஆயினும் மருந்தும் உரையாடலும் மட்டும் அச்சத்தைப் போக்கா. நாளை என்னாகும் என்ற ஐயம் உள்ளவரை நேற்றைய புண் ஆறுவது அரிது. அகதிகள் பற்றிய 1951ஆம் ஆண்டு உடன்படிக்கையில் இந்தியா கையொப்பமிடவில்லை. 1987 சூலை முதல் நாளுக்குப் பின் இந்நாட்டில் பிறந்த குழந்தைக்குப் பிறப்பு ஒன்றே குடியுரிமை தருவதில்லை. ஆகவே முகாமில் பிறந்து, தமிழகப் பள்ளியில் பயின்று, பட்டமும் பெற்ற இளைஞன் அரசுப் பணிக்கு விண்ணப்பிக்க இயலாமல் வண்ணம் பூசும் வேலைக்குச் செல்கின்றான். தந்தை கண்ட போரை அவன் கண்டதில்லை. தந்தையின் நிலையின்மையை மட்டும் மரபுரிமையாகப் பெற்றுள்ளான்.

2021இல் தமிழக அரசு 317.40 கோடி ரூபாயில் திட்டங்களை அறிவித்தது; பழுதுற்ற 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித்தர முன்வந்தது. அகதிகள் முகாம் என்ற பெயரையும் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என மாற்றியது. பெயர் மாற்றத்தைச் சிறிதென எண்ண வேண்டா. வகுப்பறையில் 'அகதி' என்று அழைக்கப்பட்ட குழந்தை அதன் பெருமையை அறியும்.

இனி எஞ்சியிருப்பது அண்டை அயலார் கடமை. குடியுரிமை வழங்குவது அரசின் கையில் உள்ளது. அச்சம் நீங்கச் செய்வது நம் கையிலும் உள்ளது. தொழில் நடத்துவோர் முகாம் இளைஞரின் கல்வித் தகுதிக்கேற்ற பணியும், உரிய ஊதியமும் வழங்கலாம். ஆசிரியர் அக்குழந்தைகளின் யாழ்ப்பாணத் தமிழை நகைப்புக்கு இடமாக்காது, மொழியின் ஒரு செல்வமாக வகுப்புக்கு அறிமுகம் செய்யலாம். வீட்டுக்கு வண்ணம் பூச வந்தவருக்கு உண்ணும் வேளையில் நம்மோடு இருக்கை இடலாம். அறக்கட்டளைகள் வழங்கும் கல்வி உதவியில் முகாம் மாணவர்க்கும் ஒரு பங்கு ஒதுக்கலாம். உதவி பெறும் படத்தை நாளிதழில் வெளியிடாதிருப்பதும் அவ்வுதவியின் ஒரு பகுதியே.

எண்ணிக்கையில் சிறுபான்மையராக, பல நூற்றாண்டுகள் தம் நெறியைக் காத்து வாழ்ந்தவர் தமிழ்ச் சமணர். அயலார் நல்லெண்ணம் எத்துணை வலிமை தருவது என்பதனை அவர்கள் அறிவர். அன்று 'அஞ்சினான் புகலிடம்' என்று கல்லில் பொறித்தனர். கும்மிடிப்பூண்டியில் வாழும் ஒரு தாய், வெடியோசை கேட்டு நடுங்கும் இரவில், 'பக்கத்தில் நம் மனிதர் இருக்கின்றனர்' என்று நினைத்துக் கண்ணயர்வாளாயின், அக்கல்வெட்டு இன்றும் வாழ்கின்றது எனலாம்.

அறம் வளர்க! அச்சம் அகல்க!