இலங்கைப் போரும் கம்யூனிஸ்டுகளும்
(இருங்காட்டுக்கோட்டை தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சென்ற வாரம் ஷிப்டு முடிந்து வந்த இளம் தோழர் ஒருவர் நம்மை மறித்துக்கொண்டார். "இலங்கையிலே தமிழன் செத்தானே, கம்யூனிஸ்டுகள் எந்தப் பக்கம் நின்றீர்கள்? 2009-லே கியூபாவே கொழும்பு அரசுக்கு ஓட்டுப் போட்டதே?" என்றார். டீக்கடையில் நின்றபடி பதில் சொல்லிவிடக் கூடிய கேள்வியா அது? ஆகவே இங்கே வைத்துக்கொண்டோம்.

முதலில் இலங்கையின் இடதுசாரிகளைப் பார்ப்போம். 1948-ல் கொழும்பு அரசு குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்தது. தேயிலைத் தோட்டத்தில் முதுகொடிய உழைத்த மலையகத் தமிழர் சுமார் ஏழு லட்சம் பேர் ஒரே சட்டத்தில் நாடற்றவர் ஆயினர். நம் ஜில்லாக்களிலிருந்து கங்காணிகள் ஓட்டிச் சென்ற கூலி விவசாயிகளின் மக்கள்தாம் அவர்கள். தோட்டத் தொழிலாளியின் ஓட்டு இடதுசாரிகளுக்கு விழுகிறது என்பதும் அந்தச் சட்டத்திற்கு ஒரு காரணம். சமசமாஜிகளும் கம்யூனிஸ்டுகளும் அதை எதிர்த்தே வாக்களித்தனர்.

1953-ல் அரிசி விலை படி 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறிற்று. ஆகஸ்டு 12-ந் தேதி ஹர்த்தால். சிங்களவனும் தமிழனும் சேர்ந்தே வேலையை நிறுத்தினார்கள். மந்திரிகள் பயந்து, துறைமுகத்தில் நின்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் ஏறிக் கூட்டம் போட்டார்கள்! பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி விலகினார். வயிறு ஒன்றானபோது மொழி குறுக்கே நிற்கவில்லை. 1956-ல் 'சிங்களம் மட்டும்' சட்டம் வந்தபோதும் இடதுசாரிகள் எதிர்த்தே நின்றார்கள்.

பிறகுதான் சறுக்கல். பதவி ஆசை என்று ஒரே சொல்லில் தள்ளிவிடலாம். ஆனால் சிங்களக் கிராமத்தில் ஓட்டு இழந்துவிடுவோமோ என்ற அச்சமும் அதில் இருந்தது. 1966-ல் தமிழுக்குச் சிறு இடம் தரும் விதிகளை எதிர்த்த ஊர்வலத்திலே செங்கொடியும் போயிற்று. 1970-ல் கூட்டு மந்திரிசபை. 1972 அரசியல் சட்டத்தில் சிங்களமே ஆட்சிமொழி, புத்த மதத்திற்கு முதலிடம். அதை வகுத்த மந்திரி சமசமாஜித் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வா! 1956-ல் ஒரு மொழி என்றால் நாடு இரண்டாகும் என்று எச்சரித்தவரும் அவரே. தமிழ் இளைஞன் செங்கொடியை நம்பாமல் துப்பாக்கியை நம்பியதில் நமக்கு என்ன வியப்பு?

1983 ஜூலைப் படுகொலைக்குப் பழியை இடதுசாரிகள் மேல் போட்டு, ஜெயவர்த்தனா அரசு மூன்று கட்சிகளைத் தடை செய்தது. அது வேறு கதை.

இனி, அண்டை நாட்டுக்காரர்களான நாம். இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சிகள் இரண்டும் 1987 ஒப்பந்தத்தை வரவேற்றன. தனி நாடு வேண்டாம், வடக்குக் கிழக்குக்கு சுயாட்சி வேண்டும் என்பது நிலை. நக்சல்பாரி வழிக் குழுக்கள் பல ஈழப் பிரிவினையையே ஆதரித்தன. இந்திய ராணுவம் 1990 வரை அங்கே போரிட்டது. ஆயிரத்துக்கு மேற்பட்ட ஜவான்கள் மாண்டனர், தமிழ் மக்களும் மாண்டனர். 1991 மே 21 இரவு, நமக்குப் பக்கத்து ஸ்ரீபெரும்புதூரிலே ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அதன் பின் இந்தப் பகுதியில் அகதி என்று சொல்லி ஒரு அறை வாடகைக்குக் கேட்பதே கடினமாயிற்று. குற்றம் செய்தவன் ஒருவன், சந்தேகம் எல்லார் மேலும்! இன்று ஒரிசா, பீகார்த் தொழிலாளியை நாம் பார்க்கிற பார்வையையும் தோழர்கள் நினைத்துப் பார்க்கலாம்.

2008 அக்டோபர் 2-ல் இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சி தமிழ்நாட்டில் உண்ணாவிரதம் இருந்தது. மார்க்சிஸ்ட் கட்சி போர்நிறுத்தம், ஒன்றுபட்ட இலங்கைக்குள் அதிகாரப் பகிர்வு என்று கேட்டது. இரண்டும் ஒரே மேடையில் உரக்கக் கேட்டிருக்க வேண்டும் என்பது நம் எண்ணம்.

கியூபாவுக்கு வருவோம். 2009 மே மாதம் ஜெனீவாவில் கொழும்புக்குச் சாதகமான தீர்மானம் 29-க்கு 12 என்று நிறைவேறியது. கியூபா, சீனா, ரஷ்யா ஆதரித்தன. மன்மோகன் சிங் அரசும் ஆதரித்தது. மனித உரிமை என்று சொல்லி அமெரிக்கா சிறு நாடுகளில் நுழையும் என்ற அச்சம் கியூபாவுக்கு உண்டு. ஈராக்கைக் கண்ட எவருக்கும் அது புரியும். ஆனால் முள்ளிவாய்க்கால் மணலில் செத்தவன் ஏகாதிபத்தியவாதி அல்ல. மீனவன், கூலி விவசாயி. அந்த வாக்கு தவறு. நண்பன் செய்த தவறும் தவறே.

2024-ல் கொழும்பில் ஜே.வி.பி. தலைவர் அநுர குமார திசநாயக்கா ஜனாதிபதியானார். அவர் அணிக்கு யாழ்ப்பாண மாவட்டத்தில் ஆறில் மூன்று இடம் தமிழ் மக்களே கொடுத்தார்கள். வடக்கையும் கிழக்கையும் பிரிக்க 2006-ல் கோர்ட்டுக்குப் போனதும் அதே ஜே.வி.பி.தான். இதை அவர்களிடம் நாம் கேட்டாக வேண்டும், சகோதரக் கட்சி என்று கூச்சப்படாமல்.

ஷிப்டு பஸ்கள் வந்துவிட்டன. மீதியைக் கேள்வியாகக் கேளுங்கள், தோழர்களே.