ஆட்டுக்கண்ணும் பாட்டியின் கண்ணும்
(காரியாபட்டியில் ஆசிரியர், பெற்றோர் கூட்டத்தில் பேசியதின் சுருக்கம்)



உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மனித உடலையும் மருத்துவக் கருவிகளையும் பற்றி எப்படிக் கற்பிப்பது என்பது குறித்துப் பேசும்படி கேட்டிருக்கிறீர்கள். உடல் முழுவதையும் பேச நேரமில்லை. கண் ஒன்றை மாத்திரம் எடுத்துக் கொள்ளுகிறோம்.

பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் ஒளியியல் பாடத்திலே கண் வருகிறது. பிள்ளையைக் கேட்டால் கார்னியா, லென்ஸ், விழித்திரை என்று அர்த்தம் தெரியாத மந்திரம் போல ஒப்புவிக்கிறான். அவன் வீட்டிலேயே பாட்டி கண்புரை விழுந்து சுவரைத் தடவி நடக்கிறாள். "என் தலையெழுத்து" என்கிறாள். பிள்ளையும் ஆமாம் என்கிறான். அப்படியானால் அவன் படித்த படிப்பால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்கிறோம்.

கறிக்கடையில் ஓர் ஆட்டுக்கண் வாங்கி வாருங்கள். அறுத்துப் பார்த்தால் உள்ளே சின்னக் கோலிக்குண்டு போலத் தெளிவாக ஒன்றிருக்கும். அதுதான் லென்ஸ். அச்சடித்த தாளின்மேல் வைத்தால் எழுத்து பெரிதாகத் தெரியும். பிறகு அதையே கொதிநீரில் போடுங்கள். முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி வெளுத்துவிடும். அதன் வழியே ஓர் எழுத்தும் தெரியாது. தலைக்கறி தின்றவர்களுக்கு அந்த வெள்ளை உருண்டை புதிதல்ல. (சைவத் தோழர்கள் மன்னிக்க வேண்டும்!) பாட்டியின் கண்ணை யாரும் வேகவைக்கவில்லை, வயதாக ஆக லென்ஸிலுள்ள புரதம் கெட்டுத் திரண்டு மங்குகிறது. சர்க்கரை வியாதி இருந்தால் இன்னும் சீக்கிரம். இதைப் பார்த்த பிள்ளை தலையெழுத்தென்று சொல்லுவானா?

மங்கின லென்ஸை எடுத்துவிட்டுச் சோடாப்புட்டிக் கண்ணாடி கொடுப்பதே ஒரு காலத்தில் வைத்தியமாக இருந்தது. யுத்தத்தில் விமானிகளின் கண்ணுக்குள் விமானக் கூண்டின் பிளாஸ்டிக் துணுக்குகள் பாய்ந்து கிடந்தும் கண் அவற்றைப் பகைக்கவில்லை என்பதைக் கவனித்த ஹரால்டு ரிட்லி என்ற டாக்டர், 1949இல் லண்டனில் அந்த வகைப் பிளாஸ்டிக்கிலேயே லென்ஸ் செய்து கண்ணுக்குள் வைத்தார். பெரிய டாக்டர்களே வெகுகாலம் அவரை எதிர்த்தார்கள். சாஸ்திரிகள் மாத்திரந்தான் புதியதை எதிர்ப்பார்கள் என்று நினைக்க வேண்டாம்.

நிற்க, அந்த லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்தவரையில் ஒன்று சுமார் 100 டாலர், ஏழைக்கு எட்டாது. 1992இல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த ஆரோலேப் அதைச் செய்யத் தொடங்கிச் சுமார் 10 டாலருக்கும், பிறகு அதற்கும் கீழேயும் கொண்டு வந்தது. அங்கே வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் கிராமத்துப் பெண்கள். இங்கிருந்து பஸ் ஏறினால் சுமார் ஒரு மணி நேரம். ஆனால், நம் பெண் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

பரீட்சைக்கு வராததை எதற்குச் சொல்லிக் கொடுப்பது என்று சில ஆசிரியர்கள் கேட்கிறார்கள். வைக்கப்போகும் லென்ஸின் எண்ணை எப்படி முடிவு செய்கிறார்கள்? கார்னியாவின் வளைவையும், ஒலி அலை கொண்டோ ஒளி கொண்டோ கண்ணின் நீளத்தையும் அளந்து கணக்குப் போடுகிறார்கள். குவியத்தூரம் என்று நீங்கள் கரும்பலகையில் எழுதிப் போடுகிறீர்களே, அதன் வழிவந்த கணக்குத்தான் அது.

ஆகவே, பாட்டியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிற பிள்ளை, "கண்ணில் வைக்கிற லென்ஸைக் காட்டுங்கள், அதன் எண் என்ன?" என்று கேட்டு வந்து வகுப்பிலே சொல்லட்டும். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடை திறந்திருக்கும். கண்ணை விரும்பி வாங்குகிறவர்கள் குறைவு, கேட்டால் கொடுத்துவிடுவார்கள்.