தொட்டால் பேசும் பலகை

(எமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



ஏடும் எழுத்தாணியும் போய்ச் சிலேட்டு வந்தது; சிலேட்டும் போய் இன்று தொடுதிரைப் பலகை வந்திருக்கிறது. 2010இல் அப்பிள் நிறுவனம் ஐபேட்டை வெளியிட்டபின் உலகெங்கும் பரவிய இக்கருவியால் நாம் பெறத்தக்க நன்மை யாது, அதனை ஆக்குவோர் தீர்க்கவேண்டிய சிக்கல் யாது என்று சிறிது சிந்திப்போம்.

நன்மை வெளிப்படை. 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது திரை வழியாகப் பாடம் வீட்டுக்கு வந்தது. எழுத்தறியாதவரும் படத்தைத் தொட்டுப் பயன்பெறலாம். எழுத்தைப் பெருப்பித்து வாசிப்பது முதியோர்க்குப் பேருதவி.

ஆனால் மலிவு மட்டும் போதாது என்பதற்கு இந்தியாவின் ‘ஆகாஷ்’ சான்று. 2011 ஒக்டோபர் 5ஆம் நாள் மாணவர்க்கென வெளியிடப்பட்ட அப்பலகையின் விலை ஏறக்குறைய 50 டொலர். விலையைக் குறைக்க, அழுத்தினால் மட்டும் உணரும் திரையை வைத்தனர். இரு மெல்லிய படலங்கள் ஒன்றையொன்று தொட்டாலன்றி அது உணராது. விரலோ மெல்லத் தடவவே விரும்பும். திரை மந்தம், வேகம் குறைவு என்ற குறை எழுந்தது. 2012இல் வந்த ‘ஆகாஷ் 2’ விரலின் மின்னியல்பை உணரும் திரையைக் கொண்டது. அவ்வகைத் திரையோ ஈரக்கை பட்டால் தடுமாறும். வலை இழுப்போரும் வயல் செய்வோரும் வாழும் எமது கரையில் இது சிறு குறையன்று.

இன்னொன்று. மருதமுனை நெசவாளர் நூலின் தளர்வை விரல்நுனியால் அறிவார். கண்ணாடித் திரையில் மேடுமில்லை, பள்ளமுமில்லை. விரல் வழி தேடக் கண் துணைபோக வேண்டும். கண்பார்வையற்றவர்க்கோ குரலே வழி. அக்குரல் தமிழில் தெளிவாய் ஒலிக்கவேண்டாமா?

எழுதுவதிலும் சிக்கலுண்டு. எமது எழுத்துக்கள் 247. ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் வைத்தால் விரல் எங்கே படும்? 1999இல் தமிழ்நாட்டரசு ஏற்ற ‘தமிழ் 99’ முறை இதற்கு நல்வழி காட்டியது. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 ஆகியவற்றுக்கு இடமிருந்தாற் போதும். ககரத்தையும் ஒகரத்தையும் அடுத்தடுத்துத் தொட ‘கொ’ பிறக்கும். மொழியின் இயல்பறிந்து செய்தது வென்றது.

பெரியோர்களே, பிள்ளைக்குப் பலகை வாங்குமுன் அதிலே தமிழில் ஒரு கடிதம் எழுதச் செய்து பாருங்கள். பார்க்க மட்டும் பழகிய பிள்ளை பிறர் ஆக்கியதை நுகர்பவனாகவே நின்றுவிடுவான்.

இளைஞர்களே, கணினி கற்கும் நாம், ஈரக்கையும் நடுங்கும் விரலும் தமிழ் நாவும் உடைய எம்மவரை மனத்திற்கொண்டு ஆக்கப் பழகுவோம். கருவிக்கேற்ப மனிதன் வளைவது அறிவன்று. மனிதனுக்கேற்பக் கருவியை வளைப்பதே அறிவு.