வரும் பத்தாண்டும் நம் வீட்டு அறிவும்

(விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

தொழில்நுட்பமும் சமுதாய மாற்றமும் அடுத்த பத்தாண்டில் நம் வாழ்வை எவ்வாறு மாற்றும் என்பது குறித்துப் பேசுமாறு பணித்துள்ளீர்கள். வருங்காலம் உரைப்பது எளிதன்று. 2016-இல் யு.பி.ஐ. பணப்பரிமாற்றம் தொடங்கியபோது, சந்தையில் கீரை விற்கும் அம்மையாரும் சில ஆண்டுகளில் கைபேசி வழியே காசு பெறுவார் என்று நம்மில் எத்தனை பேர் எண்ணினோம்? ஆதலால், இன்ன கருவி வரும் என்று ஆரூடம் சொல்ல நான் முன்வரவில்லை. ஏற்கெனவே தொடங்கிவிட்ட இரண்டு மாற்றங்கள் எவ்விடத்தில் வந்து சந்திக்கும் என்பதை மட்டும் உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, மக்கள்தொகையில் நிகழும் மாற்றம். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஒரு பெண் பெறும் குழந்தைகளின் சராசரி 1.8. மக்கள்தொகை குறையாமல் நிலைபெற ஏறத்தாழ 2.1 வேண்டும். 2021-இல் நம் மாநிலத்தில் அறுபது வயது நிரம்பியோர் நூற்றுக்கு ஏறத்தாழ 14 பேர். 2031-இல் அது 18 ஆகும் என்பது அரசின் கணிப்பு. இந்தக் கணக்கை நம் ஊர்களில் வைத்துப் பாருங்கள். நிலமும் கோயிலும் வந்தவாசி, செஞ்சி, திண்டிவனம் பகுதிகளில் உள்ளன. பிள்ளைகளோ சென்னையிலும் பெங்களூரிலும் கடல் கடந்தும் வாழ்கின்றனர். பெரிய வீட்டில் முதியோர் இருவர் விளக்கேற்றுகின்றனர். வரும் ஆண்டுகளில் நம் கோயில் பூசையை ஆயிரம் பேர் நேரலையில் காண்பர். ஆனால், காலையில் கோயில் கதவைத் திறக்க ஊரில் ஒருவர் இருப்பாரா?

இரண்டாவது, செயற்கை நுண்ணறிவு. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி மக்கள் கைக்கு வந்தது. இன்று கைபேசியிடம் தமிழில் வினவினால் தமிழிலேயே விடை வருகிறது. நம் பேரப்பிள்ளைகள், இந்த நோன்பு எதற்கு, தீபாவளியை நாம் எவ்வாறு கொண்டாடுகிறோம் என்பனவற்றை இனிப் பாட்டியிடம் கேட்கமாட்டார்கள், கைபேசியிடமே கேட்பார்கள். அப்பொறிக்கு அறிவு எங்கிருந்து வருகிறது? தனக்கு ஊட்டப்பெற்ற எழுத்துகளிலிருந்தே வருகிறது. சமணம் பற்றி ஆங்கிலத்திலும் இந்தியிலும் குசராத்தியிலும் நிறைய உண்டு. தமிழ்ச் சமணர் வீட்டு வழக்கங்கள் பற்றி எழுதப்பட்டவை மிகக் குறைவு. எழுதப்படாத இடத்தைப் பொறி வெறுமையாக விடுவதில்லை; வேறொருவர் வழக்கத்தால் நிரப்பிவிடுகிறது. அதையும் தயக்கமின்றி, நல்ல தமிழில் சொல்கிறது. கேட்கும் பிள்ளை அதுவே தன் முன்னோர் வழக்கம் என்று நம்பிவிடும்.

இவ்விரு மாற்றங்களும் சந்திக்கும் இடம் இதுதான்: அறிந்தவர்கள் நம்மை விட்டு மறையும் அதே பத்தாண்டில், அறியாத பொறி அவர்கள் இடத்தில் வந்து அமர்கிறது.

நூல்கள் இருக்கின்றனவே என்று சிலர் கூறலாம். ஒரு பழைய நிகழ்ச்சியை நினைவூட்ட விரும்புகிறேன். 1880-இல் சேலம் இராமசுவாமி முதலியார் சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று உ. வே. சாமிநாதையரிடம் வினவினார். ஐயர் பெரும்புலவர்; ஏடும் அவருக்குக் கிடைத்தது. ஆயினும் பொருள் விளங்கவில்லை. பிறகு கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குச் சென்றார். அங்கே சிந்தாமணியை முறையாகப் படித்து, படித்து முடித்த நாளை விழாவாகவே கொண்டாடியதைக் கண்டு வியந்தார். அக்குடும்பத்தாரிடம் கேட்டுக் கேட்டு ஐயம் தெளிந்தார். 1887-இல் நூல் அச்சேறியது. ஏடு பல இடங்களில் இருந்தது. பொருளோ அந்த வீடுகளில் இருந்தது. அன்று அந்த வீடுகளில் அறிந்தவர் எவரும் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

பதிவு செய்து வைப்பதன் பயனுக்கு அண்மைக்காலச் சான்றும் உண்டு. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் சிவன் கோயிலில் களவுபோன நடராசர் திருமேனி ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்தைச் சென்றடைந்திருந்தது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் முன்னரே எடுத்து வைத்திருந்த புகைப்படம், அது எவ்வூருக்குரியது என்பதற்குச் சான்றாயிற்று. 2014-இல் அத்திருமேனி இந்தியா திரும்பியது. நம் கோயில்களில் உள்ள செப்புத் திருமேனிகளுக்கு அத்தகைய படமும் அளவும் எழுதி வைக்கப்பட்டுள்ளனவா என்று ஒவ்வோர் ஊராரும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பிறரைக் குறை கூற எனக்குத் தகுதியில்லை. மாலை உணவு முடிந்தபின் எங்கள் பாட்டியார் திண்ணையில் அமர்ந்து நோன்புக் கதைகள் சொல்வார். அந்நாளில் எங்கள் வீட்டில் டேப் ரெக்கார்டர் ஒன்று இருந்தது. அதில் திரைப்பாடல்களைப் பதிவு செய்து மகிழ்ந்தோம். பாட்டியார் குரல் ஒரு நிமிடம்கூட அந்த ஒலிநாடாக்களில் இல்லை. அவர் சொன்ன கதையொன்றின் தொடக்கம் எனக்கு நினைவிருக்கிறது. முடிவு நினைவில் இல்லை. இன்று அதைக் கேட்டறிய ஆளும் இல்லை. கருவி இல்லாமல் அதை இழக்கவில்லை. கேட்க வேண்டும் என்ற எண்ணம் இல்லாமல் இழந்தோம்.

எனவே, மூன்று வேண்டுகோள்கள்.

ஒன்று: இவ்வாண்டுக்குள் ஒவ்வொரு குடும்பமும் தம் மூத்தவர் ஒருவரின் இசைவு பெற்று, அவர் சொல்வதை ஒரு மணி நேரமேனும் பதிவு செய்க. பெயர், ஊர், நாள் ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே சொல்லச் செய்க. அதை எழுத்திலும் வடித்து வைக்க.

இரண்டு: ஊர்க் கோயிலின் திருமேனிகள், கல்வெட்டுகள், ஏடுகள் ஆகியவற்றைப் படத்துடன் பட்டியலிடுக. திருமேனிகளின் படங்களையும் அவை இருக்கும் இடத்தையும் பொதுவில் பரப்பாமல், பொறுப்பான இரண்டு, மூன்று இடங்களில் காத்து வைக்க.

மூன்று: கோடை விடுமுறையில் பத்து நாளேனும் பிள்ளைகளை ஊருக்கு அனுப்புக. கணினித் துறையில் பணியாற்றும் நம் இளைஞர்களும் இளம்பெண்களும் இம்முயற்சிக்குத் தலைமை ஏற்கட்டும். அவர்கள் கையில் திறன் இருக்கிறது. முதியோர் நெஞ்சில் செய்தி இருக்கிறது. இரண்டும் ஒரே திண்ணையில் அமர்ந்தால் போதும்.

இவற்றை எல்லாம் செய்தாலும் பொறி நமக்காக நோன்பிருக்காது. ஓர் உயிருக்கு இரங்காது. அறிந்ததைச் சொல்வது அதன் வேலை. அறிந்தபடி நடப்பது நம் வேலை. அது எதை அறியும் என்பதை மட்டும் அடுத்த பத்தாண்டில் நாம் தீர்மானிக்கலாம். அதற்குப் பின்னர் அந்த வாய்ப்பு இராது. இன்று வீடு திரும்பியதும், வீட்டில் உள்ள பெரியவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அவர் சொல்லும் விடையை முடிவு வரை கேளுங்கள்.